இரண்டாம் இடத்தில் சளி: ஒரு கிட்டாரைப் பிரித்துப் பூட்டிய கதை

சுவிட்சை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினால் என் கிட்டாருக்குச் சளி பிடித்துவிடும். ஒலி பாதியாகக் குறையும், அடிநாதம் காணாமல் போகும், மூக்கடைத்துப் பேசுவதுபோல ஒரு சன்னக் குரல் மட்டும் மிஞ்சும். நான்காம் இடத்திலும் அதே கதைதான். மற்ற மூன்று இடங்களில் குரல் வரும். ஆனால் அது கம்பளியை முகம்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேசுகிறவன் குரல்.

மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச்சுருள்) பிக்கப் வைத்த, ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்து மின்கிட்டார் இது. தந்தியின் அதிர்வை மின்துடிப்பாக்குவது பிக்கப், எந்த பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது அந்தச் சுவிட்ச். நான் வாங்கும்போதே பழசு. ஆறு வருடமாக இதன் டோன் சரியில்லை என்று தெரியும். ஆனால் கிட்டாரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். தந்தியை மாற்றினேன், ஒலியைப் பெருக்கும் ஆம்பை மாற்றினேன், ஒலியைக் கரகரக்க வைக்கும் ஓவர்டிரைவ் பெடல் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வாங்கினேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்களே, அந்த வகையில் சேர்ந்துவிட்டோமோ என்று என் விரல்களையும் சந்தேகப்பட்டேன். பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கூடம் நிஜமாகவே கோணல்.

எனக்கு வேண்டிய டோன் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. ஆம்ப் உடையும் விளிம்பில் நிற்க வேண்டும். மெதுவாகத் தட்டினால் தெளிவாக ஒலிக்க வேண்டும், ஓங்கி அடித்தால் கரகரத்து உடைய வேண்டும். வால்யூம் குமிழை 10-லிருந்து 6-க்கு இறக்கினால் பெடலைத் தொடாமலே ஒலி சுத்தமாக வேண்டும். பழைய ராக் கிட்டார்க்காரர்கள் பலர் இப்படித்தான் வாசித்தார்கள், பாதி வித்தை அந்தக் குமிழில்தான். என் கிட்டாரில் 10-லிருந்து 3 வரை திருகினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. அப்புறம் விளக்கை அணைத்ததுபோல ஒலி போய்விடும்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு காரியம் உருப்படியாகச் செய்தேன். ஆம்பின் ஒவ்வொரு குமிழும் எங்கே நிற்கிறது என்று சின்ன டேப் துண்டு ஒட்டிக் குறித்தேன். போனை ஒரு முக்காலியில் வைத்து, ஐந்து சுவிட்ச் இடங்களிலும் ஒரே ஈ மேஜர் கார்டைப் பதிவு செய்தேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு பத்து வினாடி வாசிக்காமல் மின்சார உறுமலை மட்டும் பதிந்தேன். காதை நம்பக் கூடாது. புதிதாக எதையாவது மாட்டிய அன்றைக்கு அதற்கு எல்லாமே இனிக்கும்.

தந்திகளைக் கழற்றி, பிக்கப்புகளும் குமிழ்களும் பொருத்தியிருக்கும் முன்தகடான பிக்கார்டின் பதினோரு திருகுகளையும் எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டேன். இரண்டு திருகு கிண்ணத்துக்கு வராமல் பாதி வழியில் துள்ளிப்போய் பிக்கப் காந்தத்தில் ஒட்டிக்கொண்டன. அல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம் சின்னதாக இருந்தாலும் இழுவை அப்படி.

பிக்கார்டைத் திருப்பிப் போட்டதும் உள்ளே இரண்டு வேறு ஆட்களின் கை தெரிந்தது. தொழிற்சாலையில் வைத்த சால்டர், அதாவது பற்றவைத்த ஈயம், சின்னதாகப் பளபளப்பாக இருந்தது. அதன் பக்கத்தில், பிற்பாடு யாரோ வைத்தது, புளியங்கொட்டை அளவு மங்கிய ஈயம். வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை) மட்டும் மற்ற இரண்டைப்போல் இல்லை, அதை யாரோ மாற்றியிருக்கிறார்கள். நடு பிக்கப்பின் ஒயர்களும் ஒருமுறை கழற்றி வைக்கப்பட்டவை.

முதலில் அளவு. பாட்டை அளக்கும்போது அதை மற்ற ஒயர்களிலிருந்து பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பக்கவாட்டில் பிக்கப் காயில் இணைந்திருக்கும், மீட்டர் அந்தக் காயிலின் சில கிலோ ஓமைத்தான் காட்டும். பிரித்தெடுத்து இரண்டு ஓரக் கால்களில் மீட்டரை வைத்தேன். 94 கிலோ ஓம். அடியில் துடைத்துப் பார்த்தால் பி 100 கே என்று முத்திரை. சிங்கிள் காயிலுக்கு வழக்கமாகப் போடுவது 250 கிலோ ஓம், அதுவும் ஏ வகை, அதாவது காதுக்கு ஏற்றபடி ஏறி இறங்கும் லாகரிதம் பாட். இங்கே இருந்ததோ 100, அதுவும் நேர்கோட்டில் ஏறும் பி வகை. குமிழ் 3 வரை சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று அணைந்ததற்கு அந்த பி எழுத்துதான் காரணம். கம்பளிக் குரலுக்கு அந்த 100.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நான் ஆறு வருடம் தவறவிட்டது இதைத்தான்.

பிக்கப் என்பது ஆறு காந்தத் துண்டுகளைச் சுற்றி மயிரிழைபோன்ற செம்புக் கம்பியை ஏறத்தாழ 8000 சுற்று சுற்றியது. கம்பியின் தடிமன் சுமார் 0.06 மில்லிமீட்டர். இத்தனை சுற்று இருப்பதால் அதற்கு 2 முதல் 3 ஹென்றி வரை இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம், உண்டு. கிட்டாரிலிருந்து ஆம்புக்குப் போகும் கேபிள், மின்னைத் தேக்கி வைக்கும் ஒரு கெபாசிட்டர் மாதிரி, மீட்டருக்குச் சுமார் 100 பிகோ ஃபாரட். காயிலும் கெபாசிட்டரும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் ஒலி மேடுகட்டி நிற்கும், அதற்குமேல் சரியும். 2.5 ஹென்றி காயிலோடு ஐந்து மீட்டர் கேபிள் போட்டால் அந்த மேடு 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் விழும். மூன்று மீட்டர் கேபிள் போட்டால் 5000 பக்கம் ஏறும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியும் ஏறத்தாழ அங்கேதான். மின்கிட்டாரின் ‘பளிச்’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த மேட்டைத்தான்.

பாட் என்ன செய்கிறது? அடித்த மணியை விரலால் தொடுகிற வேலை. 250 கிலோ ஓம் என்றால் விரல் நுனி லேசாகப் படுகிறது, மணி ஒலிக்கும். 100 என்றால் உள்ளங்கையால் பிடித்தாயிற்று. மேடு தட்டையாகிவிடும். அதன்பிறகு பெடலில் ட்ரெபிளை (ஒலியின் கூர்மையான மேல்பகுதியை) எவ்வளவு ஏற்றினாலும் வருவது பிக்கப்பின் பளிச் அல்ல, பெடலின் இரைச்சல். மூன்று ஓவர்டிரைவும் இதில்தான் தோற்றன. இரட்டைக் காயில் பிக்கப்பான ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் போடுவதும் இதே கணக்குத்தான். அது இயல்பிலேயே தடித்த குரல், அதை இன்னும் அழுத்தக் கூடாது.

புதிதாக இரண்டு ஏ 250 பாட் வாங்கினேன். ஒன்று 238 காட்டியது, இன்னொன்று 261. இவற்றில் இருபது சதவீதம் முன்னே பின்னே இருப்பது சகஜம். பெரியதை வால்யூமுக்கு வைத்தேன். பாட்டின் முதுகில் கிரவுண்ட் ஒயர் (சிக்னல் திரும்பிப் போகும் பொது ஒயர்) வைக்கும்முன் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள், ஈயம் சட்டென்று பிடிக்கும். தேய்க்காமல் சால்டரிங் அயர்னை அங்கேயே அழுத்திக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கும் கார்பன் தடம் கருகிப்போகும். நான் ஒன்றைக் கருக்கியிருக்கிறேன், வேறொரு கிட்டாரில்.

அடுத்தது சளி. சுவிட்சின் இரண்டாம் இடம் பிரிட்ஜ் பிக்கப்பையும் (தந்திகளின் அடிமுனைப் பக்கம் இருப்பது) நடு பிக்கப்பையும் சேர்க்கும், நான்காம் இடம் நடுவையும் நெக்கையும் (கழுத்துப் பக்கம் இருப்பது) சேர்க்கும். இரண்டிலும் பொதுவாக இருப்பது நடு பிக்கப். தனியாக வாசித்தால் அதில் குறையில்லை, சேர்த்தால்தான் சன்னமாகிறது. ஒன்று மேலே தள்ளும்போது மற்றது கீழே இழுக்கிறது என்று அர்த்தம். ஃபேஸ் மாறியிருக்கிறது.

சொல்லப்போனால் இந்தச் சேர்க்கை இடங்கள் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் மூலத் திட்டத்திலேயே இல்லை. 1954-ல் அது வந்தபோது மூன்று இடச் சுவிட்ச்தான். வாசித்தவர்கள் சுவிட்சை இரண்டு இடங்களுக்கு நடுவில் பக்குவமாக நிறுத்தி, அந்தக் கண்ணாடிக் குரலைத் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். அதைத் தயாரிக்கும் ஃபெண்டர் நிறுவனம் ஐந்து இடச் சுவிட்சைப் போட்டுக் கொடுத்தது 1977-ல்தான். எனக்கு ஸ்ட்ராட்டில் மிகவும் பிடித்தது அந்தத் திருட்டு இடங்கள். அவையே கெட்டுக் கிடந்தால் எப்படி.

நடு பிக்கப்பின் வெள்ளை ஒயர் கிரவுண்டிலும் கறுப்பு ஒயர் சுவிட்சிலும் இருந்தன. பார்த்தவுடன் குற்றவாளி பிடிபட்ட மாதிரி இருந்தது. ஆனால் ஒயர் நிறத்தை ஆதாரமாக எடுக்க முடியாது, ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நிறம் போடுவார்கள். சோதனை வேண்டும். முள் ஆடும் பழைய மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். இந்த வேலைக்கு டிஜிட்டலைவிட முள் நல்லது. மிகக் குறைந்த டிசி அளவில் வைத்து, மீட்டரின் சிவப்பு முனையைச் சுவிட்சுக்குப் போகும் ஒயரிலும் கறுப்பைக் கிரவுண்டிலும் பிடித்தேன். ஒரு ஸ்க்ரூடிரைவரின் தட்டைப் பக்கத்தை பிக்கப்பின் ஆறு காந்தத்தின்மேலும் படுக்கவைத்து வெடுக்கென்று பிடுங்கினேன். இரும்பு விலகும்போது காந்தப்புலம் மாறும், காயிலில் ஒரு சின்ன மின்துடிப்பு எழும், முள் ஒரு பக்கம் உதறும். பிரிட்ஜ்: வலது. நெக்: வலது. நடு: இடது. மூன்று முறை திருப்பிச் செய்தேன். இடது, இடது, இடது.

ஒரு சின்னத் திசைகாட்டியையும் காட்டிப் பார்த்தேன். பிரிட்ஜ், நெக் இரண்டும் ஊசியின் ஒரு முனையை இழுத்தன. நடு பிக்கப் மறு முனையை இழுத்தது. அதாவது நடு பிக்கப்பின் காந்தம் தலைகீழ், காயிலும் எதிர்த்திசையில் சுற்றியிருக்க வேண்டும். இது தவறில்லை, வேண்டுமென்றே செய்வது. வெளியிலிருந்து வரும் மின்சார உறுமல் காயிலின் திசையை மட்டும் பார்க்கும், ஆகவே எதிரெதிரான இரண்டு காயிலில் ஒன்றையொன்று அழித்துவிடும். தந்தியின் ஒலி காயிலின் திசையையும் பார்க்கும், காந்தத்தின் திசையையும் பார்க்கும். இரண்டும் திரும்பியிருப்பதால் பழையபடி கூடிக்கொள்ளும். கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் சேத் லவர் என்ற பொறியாளர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கரும் இதே தந்திரம்தான், அங்கே இரண்டு காயிலும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்.

என் கிட்டாரில் ஒயர் இடம் மாறியிருந்ததால் கணக்கு முழுக்கத் தலைகீழ். அழிய வேண்டிய உறுமல் கூடியது, கூட வேண்டிய ஒலி அழிந்தது. வேலை பார்த்தவர் வாசித்துப் பார்க்காமலே மூடிக் கொடுத்திருக்க வேண்டும்.

திருத்தம் ஐந்து நிமிடம்கூட இல்லை. பிக்கப்பின் அடியில் உள்ள துளைக் கண்களைத் தொடவே கூடாது, மயிரிழைக் கம்பியின் முனைகள் அங்கேதான் பிடித்து நிற்கின்றன. அது அறுந்தால் 8000 சுற்றும் வீண். ஆகவே மறுமுனையில், சுவிட்சிலும் பாட் முதுகிலும் ஒயர்களை இடம் மாற்றினேன். மீட்டரை மறுபடி வைத்தேன். வலது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஃபேஸ் மாறுவது எல்லோருக்கும் நோயல்ல. குவீன் இசைக்குழுவின் கிட்டார்க்காரர் பிரையன் மே தன் அப்பாவோடு சேர்ந்து 1963-ல் கட்டத் தொடங்கிய ரெட் ஸ்பெஷல் கிட்டாரில் மூன்று பிக்கப்புக்கும் தனித்தனியே ஃபேஸ் சுவிட்ச் வைத்திருக்கிறார். பழைய கணப்படுப்பு மரத்தில் கழுத்து, மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்கில் ட்ரெமலோ (சுருதியை ஆட்டும் அமைப்பு), அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த முத்துச்சிப்பிப் பொத்தான்களில் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) இடங்களைக் காட்டும் புள்ளிகள். அந்தச் சன்னக் குரலை அவர் தேவைப்படும்போது கூப்பிடுகிறார், எனக்கு அது கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருந்தது.

அப்புறம் ஷீல்டிங், அதாவது வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை. பிக்கார்டு திறந்தே கிடக்கிறதே என்று குழி முழுக்கச் செம்பு டேப் ஒட்டினேன். ஒட்டும் பசையும் மின்சாரம் கடத்தும் வகையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு துண்டையும் அடுத்ததோடு ஈயத்தால் இணைக்க வேண்டியிருக்கும். ஓரங்கள் கத்திபோல, இரண்டு விரலில் கீறல். ஒரு மாலை முழுக்க இதற்கே போயிற்று. பின்பக்கத்து ஸ்பிரிங் குழியில் கிரவுண்ட் ஒயர் ஆடிக்கொண்டிருந்ததைக் கவனித்து அதையும் மறுபடி வைத்தேன். அந்த ஒயர் ஒட்டியிருக்கும் இரும்புப் பட்டை சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், சின்ன அயர்ன் போதாது.

எல்லாம் பூட்டி, தந்தி மாட்டி, கேபிளைச் செருகி ஆம்பைப் போட்டேன்.

ஒன்றுமில்லை. ஒலியும் இல்லை, உறுமலும் இல்லை.

முதல் பத்து நிமிடம் வயிற்றைக் கலக்கியது. பிறகு யோசித்தால், அந்த அமைதியே ஒரு துப்பு. ஒயர் எங்காவது அறுந்திருந்தால் ஆம்ப் ஊளையிட்டிருக்கும். சுத்தமான அமைதி என்றால் சிக்னல் எங்கேயோ கிரவுண்டைத் தொடுகிறது. பிக்கார்டை மறுபடி திறந்து மீட்டரை பீப்பில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும்) வைத்துச் சுவிட்ச், பாட், கேபிளைச் செருகும் ஜாக் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். பீப் இல்லை. எங்கும் ஷார்ட் இல்லை. மூடினேன், கேபிளைச் செருகினேன், மறுபடி அமைதி. கழற்றினேன், பீப் இல்லை. இப்படி மூன்று முறை.

நான்காவது முறை சலிப்பில் கேபிளைப் பிடுங்காமலே மீட்டரை வைத்துவிட்டேன். பீப்!

ஜாக்கின் உள்ளே சிக்னலைத் தொடும் வளைந்த இதழ் ஒன்று உண்டு. பிளக்கைச் செருகும்போது அது பக்கவாட்டில் விலகிக் கொடுக்கும். விலகிய இதழ் போய் உட்காரும் இடம் நான் ஆசையாக ஒட்டிய செம்புச் சுவர். பிளக் இல்லாதபோது இடையில் ஒரு மில்லிமீட்டர் காற்று, அதனால் மீட்டருக்கு எதுவும் தெரியவில்லை. அந்த இடத்தில் விரல்நகம் அகலத்துக்குச் செம்பை வெட்டி எடுத்துவிட்டு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். ஜாக் குழியில் செம்பு ஒட்டுகிறவர்கள் பிளக்கைச் செருகி வைத்துக்கொண்டே மீட்டரைப் பிடியுங்கள்.

ஷீல்டிங்கால் எவ்வளவு லாபம் என்றால், விளக்கு டிம்மரும் சார்ஜரும் தருகிற ‘ஸ்ஸ்ர்’ இரைச்சல் நன்றாகக் குறைந்தது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் திரும்பினால் வரும் அடித்தொண்டை உறுமல் அப்படியே இருக்கிறது. மின்லைனின் 50 ஹெர்ட்ஸ், சில நாடுகளில் 60, காந்தப்புலமாக வருகிறது, அது மெல்லிய செம்புத் தாளுக்கெல்லாம் அடங்காது. ஒற்றைக் காயிலில் அது இருக்கத்தான் செய்யும். செம்பு ஒட்டினால் உறுமல் போய்விடும் என்று சொல்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

டோன் கெபாசிட்டரை 0.047 மைக்ரோ ஃபாரட்டிலிருந்து 0.022-க்கு மாற்றினேன். குமிழை முழுக்க இறக்கினாலும் சேற்றில் புதையாமல் இருக்க அது உதவுகிறது. எண்ணெயில் ஊறிய பழங்காலக் கெபாசிட்டர் வேண்டுமா, சாதா பிலிம் போதுமா என்ற சண்டையில் நான் சாதா கட்சி. ஒரே அளவுள்ள இரண்டை மாற்றி மாற்றி மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வால்யூம் பாட்டில் 680 பிகோ ஃபாரட்டும் 150 கிலோ ஓமும் சேர்த்து ட்ரெபிள் பிளீடும் போட்டுப் பார்த்தேன். குமிழை இறக்கினாலும் ட்ரெபிள் அப்படியே நிற்கும், பலருக்கு அது சொர்க்கம். எனக்கு ஒலி இறங்கும்போது கொஞ்சம் மங்க வேண்டும், அதில்தான் மென்மை. மறுநாளே கழற்றிவிட்டேன்.

கடைசியாக பிக்கப் உயரம். செலவில்லாத வேலை இதுதான், பலன் அதிகமும் இதில்தான். ஆறு வருடமாக ஒலி போதவில்லை என்று நெக் பிக்கப்பைத் தந்தியை முட்டுமளவு ஏற்றி வைத்திருந்தேன். காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும், தடித்த ஈ தந்தியில் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே ஒரே சுரம் இரண்டாகப் பிளந்து தள்ளாடும். அதைச் சுதி விலகல் என்று நினைத்து பிரிட்ஜ் சேடிலைத் (தந்தி உட்காரும் தாங்கியை) திருகிக்கொண்டிருந்தேன். இப்போது கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, தடித்த பக்கம் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். தள்ளாட்டம் நின்றது. பிறகு பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் அரைத் திருகு, கால் திருகாக ஏற்றி இறக்கி ஒரு மணி நேரம் விளையாடினேன். அந்த ஒரு மணி நேரம் சுகமாக இருந்தது.

பழைய பதிவையும் புதியதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். மூன்றாம் இடத்தில் உறுமல் ஏறத்தாழ பழையபடிதான். இரண்டாம் இடத்துக்குத் தள்ளியதும் உறுமல் டக்கென்று அமுங்குகிறது, கார்டு நீரில் கண்ணாடிக் கோலியைப் போட்டதுபோல விழுகிறது. ஒத்திகையில் பெடல் எதுவும் இல்லாமல் ஆம்பில் நேரடியாகச் செருகினேன். இரண்டு பாட்டு முடிந்ததும் டிரம்மர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, “என்னடா, புது ஆம்பா?” என்றான். இல்லை, ஒரு பாட், இரண்டு ஒயர் என்றேன். “அப்போ இத்தனை நாள் நீ வாசிச்சது எனக்குக் கேக்கலையா, நீ வாசிக்கவே இல்லையா?” என்று கேட்டுவிட்டு அடுத்த பாட்டுக்கு எண்ண ஆரம்பித்துவிட்டான்.

பிக்கார்டில் இப்போது பத்துத் திருகுதான் இருக்கிறது. பதினொன்றாவதைக் கிண்ணத்திலும் தரையிலும் தேடிவிட்டேன். கிட்டாரைக் கவிழ்த்துக் குலுக்கினால் உள்ளே சத்தமில்லை. ஏதோ ஒரு காந்தத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஷார்ட் எதுவும் ஆகவில்லை, பிளக்கைச் செருகி வைத்தே பார்த்துவிட்டேன். அடுத்து தந்தி மாற்றும்போது எடுக்கலாம்.